பிஜி டைரி: நாலு ஆட்சிக்கவிழ்ப்பு பார்த்த தீவுல

திங்கள், நாண்டி

சிங்கப்பூர்ல ராத்திரி ஏறி காலைல நாண்டில இறங்கினேன். ஏர்போர்ட்ல பூப்போட்ட சட்டையோட மூணு பேர் கிட்டார் வாசிச்சு "புலா"ன்னு பாடி வரவேற்கறாங்க, கூட வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அப்படியே படகு பிடிச்சு சின்னத் தீவு ரிசார்ட்டுகளுக்குக் கிளம்பிட்டாங்க. நான் பெரிய தீவான விட்டி லெவுலயே சுத்தப் போறேன், மேற்குல நாண்டில ஆரம்பிச்சு கிழக்குல தலைநகர் சுவா வரைக்கும். பத்து லட்சம் பேர்கூட இல்லாத இந்த நாட்டுல 1987 மே, 1987 செப்டம்பர், 2000 மே, 2006 டிசம்பர்னு நாலு தடவை துப்பாக்கியைக் காட்டி ஆட்சியைக் கவிழ்த்திருக்காங்க, அது நடந்த இடங்களைப் பார்க்கணும், அங்க இருக்கற ஜனங்க இப்ப அதைப் பத்தி என்ன பேசறாங்கன்னு கேட்கணும், அதுக்குத்தான் வந்தேன்.

எனக்கு இதுல அக்கறை வந்ததுக்கு ஊர்ப்பாசமும் ஒரு காரணம். நான் வேலூர் பக்கத்து ஆள். 1903ல இருந்து 1916 வரைக்கும் மெட்ராஸ் துறைமுகத்துல இருந்து சுமார் 15,000 பேரைக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா இங்க ஏத்தி அனுப்பினாங்க, அதுல நிறைய பேர் அப்போதைய வட ஆற்காடு ஜில்லாக்காரங்க. கல்கத்தா வழியா 1879லயே ஆரம்பிச்சுட்டாங்க, அந்தப் பக்கம் சுமார் 45,000 பேர்.

சாயங்காலம் மெயின் ரோட்டுக் கடைசியில இருக்கற சிவ சுப்ரமணிய சுவாமி கோயிலுக்குப் போனேன். கோபுரம், தூண், கலர் எல்லாம் நம்ம ஊர் மாதிரியே இருக்கு, ஆனா கோயிலுக்கு வந்த குடும்பங்க பேசினது பிஜி ஹிந்தி. முருகான்னு கும்பிடறாங்க, அடுத்த வார்த்தை ஹிந்தில வருது. தமிழைக் காப்பாத்தணும்னு 1926ல இதே நாண்டிலதான் சாது குப்புசாமி சங்கம் ஆரம்பிச்சார், தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம், இன்னைக்கும் நாடு முழுக்க ஸ்கூல் நடத்துது. ஒரு ஆன்ட்டி கிட்ட பேச்சு கொடுத்தேன், பசங்க எல்லாரும் எங்கன்னு கேட்டேன், ஒருத்தன் சிட்னி, ஒருத்தி ஆக்லாந்து, ஒருத்தன் வான்கூவர்னு விரல் விட்டு எண்ணினாங்க. எப்ப போனாங்கன்னு கேட்டேன். "முதல் கூ முடிஞ்சதும் ஒருத்தன், ரெண்டாயிரத்துல மத்தவங்க"ன்னாங்க. கூன்னா ஆட்சிக்கவிழ்ப்பு. இங்க எல்லார் வீட்டுலயும் வருஷத்தை இப்படித்தான் கணக்கு வெச்சிருக்காங்க.

1987 மே 19ஆம் தேதி, முதல் ஆட்சிக்கவிழ்ப்பு நடந்து அஞ்சு நாள்ல, இந்த நாண்டி ஏர்போர்ட்லதான் விமானத்துக்கு எரிபொருள் நிரப்பற வேலைல இருந்த ஒரு இந்திய வம்சாவளி ஆள் டைனமைட்டோட ஏர் நியூசிலாந்து ஜம்போ ஜெட்டோட காக்பிட்டுக்குள்ள ஏறி, பிடிச்சு வெச்சிருக்கற பிரதமரை விடுன்னு மணிக்கணக்கா உட்கார்ந்திருந்தார். கடைசியில விமானப் பொறியாளர் ஒருத்தர் விஸ்கி பாட்டிலால மண்டைல அடிச்சு அமுக்கிட்டாங்க. அந்த பிரதமர் யாருன்னு நாளைக்கு எழுதறேன், ஏன்னா வெளியில நிறைய பேர் அவரை இந்தியர்னு நினைச்சுட்டு இருக்காங்க.

செவ்வாய், விசேசேய், லௌட்டோகா

நாண்டில இருந்து லௌட்டோகா போற வழியில கடலோரமா விசேசேய் கிராமம். பிஜியோட முதல் மூதாதையர் படகு கரை ஒதுங்கினது இந்தப் பக்கம்தான்னு அவங்க ஐதீகம். உள்ள போறப்ப தொப்பியைக் கழட்டணும், தோள்ல பையை மாட்டக்கூடாது, கையில பிடிச்சுக்கணும், அது ஊர்த் தலைவருக்குக் காட்டற மரியாதை.

நேத்து சொன்ன அந்த பிரதமர், டாக்டர் திமோதி பவண்ட்ரா, இந்த ஊர்க்காரர். அசல் பிஜி பூர்வகுடி, அரசு டாக்டரா வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்துல இருந்து அரசியலுக்கு வந்தவர். 1970 அக்டோபர் 10ல பிஜிக்கு விடுதலை கிடைச்சதுல இருந்து ராத்து மாராதான் பிரதமர், கிழக்குப் பக்கத்து லாவ் தீவுகளோட பெரிய தலைவர். 17 வருஷம் கழிச்சு 1987 ஏப்ரல் தேர்தல்ல பவண்ட்ராவோட லேபர் கட்சியும் இந்தியர் ஆதரவு அதிகம் இருந்த தேசிய கூட்டாட்சிக் கட்சியும் சேர்ந்து ஜெயிச்சாங்க, மந்திரி சபைல இந்தியர் கிட்டத்தட்ட பாதி. இந்தியன் ஆட்சி வந்துடுச்சு, நிலம் போயிடும்னு தெருவுல ஊர்வலம் ஆரம்பிச்சுது. நிலத்தைத் தொடற அதிகாரம் அந்த அரசாங்கத்துக்குக் கிடையவே கிடையாது, பூர்வகுடி நிலச் சட்டத்தை மாத்தறதுக்கு பூர்வகுடித் தலைவர்கள் சபையோட ஆளுங்க ஒத்துக்கணும்னு அரசியல் சாசனத்துலயே பூட்டு போட்டிருந்தாங்க. ஒரே ஒரு மாசம், மே 14ல முடிஞ்சுபோச்சு. பவண்ட்ரா 1989ல கேன்சர்ல இறந்துட்டார், இங்கதான் புதைச்சிருக்காங்க.

கிராமத்துல ஒரு பெரியவர் கூட திண்ணைல உட்கார்ந்து பேசினேன். அவர் சொன்னதுல எனக்கு விஷயம் நிறைய தெளிவாச்சு. கரும்பு மேற்குல, டூரிசம் மேற்குல, சம்பாதிக்கறது மேற்கு, ஆனா ஆளறது எப்பவும் கிழக்குத் தலைவர் குடும்பங்கதான், எங்க ஊர் டாக்டர் ஒரு தடவை உட்கார்ந்தார், பொறுக்கலைன்னு சொன்னார். பிஜிக்காரன் இந்தியன் சண்டைன்னு மட்டும் எழுதற செய்தியில இந்தப் பெரியவருக்கு இடமே கிடையாது, அவர் ஓட்டையும்தானே பிடுங்கினாங்க.

மதியம் லௌட்டோகா. இங்க கிர்மித் சென்டர்னு ஒண்ணு இருக்கு, கிர்மித்னா கூலி ஒப்பந்தம், அப்படிக் கூலியா வந்தவங்க நினைவா கட்டினது. 2000 ஆட்சிக்கவிழ்ப்பு நேரத்துல அதுவே அகதி முகாம் ஆச்சு. சுவாவுக்கு வடக்கே முவானிவெனின்னு ஒரு இடம், அங்க இந்திய விவசாயிங்க வீட்டை அடிச்சு நொறுக்கி, மாட்டை வெட்டி, பயிரைப் பிடுங்கினாங்க, கட்டின துணியோட ஓடி வந்தவங்களை இங்க தங்க வெச்சாங்க. சொந்த நாட்டுக்குள்ளயே அகதி.

அப்படி விரட்டப்பட்ட ஒரு விவசாயி கோர்ட்டுக்குப் போனார். எனக்கு இந்தப் பயணத்துலயே மனசுல ஆழமா இறங்கினது இந்தக் கதைதான். 2000 மே மாசம் அரசியல் சாசனம் ரத்துன்னு ராணுவம் அறிவிச்சாச்சு, புது இடைக்கால அரசும் உட்கார்ந்தாச்சு, நாட்டுல எல்லாரும் அவ்வளவுதான்னு இருக்கறப்ப வீடு வாசல் போன ஒரு ஆள் லௌட்டோகா ஹைகோர்ட்ல வழக்கு போட்டு, சாசனம் இன்னும் உயிரோட இருக்குன்னு சொல்லுங்கன்னு கேட்டார். 2000 நவம்பர் 15ல நீதிபதி ஆண்டனி கேட்ஸ் ஆமா, 1997 சாசனம் இன்னும் இருக்கு, துப்பாக்கி காட்டினதால செத்துப்போகலைன்னு தீர்ப்பு சொன்னார். அரசு அப்பீல் போச்சு, 2001 மார்ச் 1ல அப்பீல் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு, அரசும் தலைவணங்கி தேர்தல் வெச்சுது. ராணுவம் அடிச்சுத் தூக்கிப்போட்ட சாசனத்தை ஒரு விவசாயி கோர்ட் வழியா திரும்ப எழுப்பினது உலகத்துல ரொம்ப அபூர்வம். கோர்ட் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

புதன், பா

பா ஊர்ல இருந்து உள்ள தள்ளி ஒரு கரும்பு விவசாயி வீட்டுல தங்கல். அரவை சீசன், ராராவாய் மில் வாசல்ல கரும்பு லாரி வரிசை ரோடு வரைக்கும் நிக்குது, டிரைவருங்க லாரிக்கு அடியில நிழல்ல படுத்துத் தூங்கறாங்க, காத்துல வெல்லப்பாகு வாசனை.

அங்கிளுக்கு எழுபது தாண்டியிருக்கும். பாட்டனார் மெட்ராஸ் கப்பல்ல வந்தவர். அங்கிளுக்குத் தமிழ்ல தெரிஞ்சது ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல பாடற பாட்டு ரெண்டு மட்டும்தான், அர்த்தம் தெரியாது, ஆனா ஒரு எழுத்து பிசகாம பாடிக் காட்டினார்.

நிலக் கதையை இங்க உட்கார்ந்து கேட்டாதான் புரியும். 1874ல பிரிட்டிஷ்காரன் தீவை எடுத்தான், அடுத்த வருஷம் கவர்னரா வந்த ஆர்தர் கார்டன், பூர்வகுடி நிலத்தை விக்கக்கூடாது, அவங்களைத் தோட்ட வேலைக்கும் இழுக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணினார். அது நல்லதுதான், இல்லைன்னா இவங்க கதை வேற மாதிரி ஆகியிருக்கும். ஆனா சர்க்கரை வேணும், அதுக்கு ஆள் வேணும், அதனால இந்தியாவுல இருந்து கப்பல். நிலம் ஒருத்தனுக்கு, உழைப்பு ஒருத்தனுக்கு, லாபம் ஆஸ்திரேலியாவுல இருந்த சிஎஸ்ஆர் சர்க்கரைக் கம்பெனிக்கு. ஓட்டையும் இனவாரியாப் பிரிச்சு வெச்சுட்டு 1970ல கிளம்பிட்டாங்க. இன்னைக்கும் நிலத்துல எண்பது சதவீதத்துக்கு மேல பூர்வகுடி குலங்களோடது, இந்திய விவசாயிக்குப் பெரும்பாலும் குத்தகைதான். 1976 சட்டம் கொடுத்த நீட்டிப்பையும் சேர்த்து 30 வருஷக் குத்தகை, அதுங்க 1997ல இருந்து ஒவ்வொண்ணா முடிய ஆரம்பிச்சுது. நிலத்துக்காரங்க தரப்புலயும் நியாயம் இருக்கு, வாடகை நிலத்தோட அடிப்படை மதிப்புல அதிகபட்சம் ஆறு சதவீதம்தான், அதுலயும் அப்போ தலைவருங்க பங்கு போக சாதாரணக் குடும்பத்துக்குக் கையில வந்தது சொற்பம். பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் இது. நடுவுல 2000ல துப்பாக்கி வந்ததும் பேச ஆளில்லாம போச்சு. அங்கிளோட அண்ணன் குடும்பம் கூரைத் தகரத்தைக்கூட கழட்டி லாரில ஏத்திட்டு சுவா பக்கம் புறம்போக்குல குடியேறினாங்களாம். காலி பண்ணின வயல் எதிர்லயே இருக்கு, புல்லு மண்டிக் கிடக்கு, நிலத்துக்காரருக்கும் பிரயோஜனம் இல்ல.

ராத்திரி கிராக், அதாவது யங்கோனா. வேரை இடிச்ச பொடியைத் துணில கட்டி தண்ணில பிசைஞ்சு மரத் தொட்டில வெச்சுட்டு, கொட்டாங்குச்சில மொண்டு தர்றாங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கைதட்டணும், ஒரே மூச்சுல குடிச்சுட்டு மூணு தடவை தட்டணும். மண்ணு மாதிரி ருசி, நாக்கு மரத்துப்போகுது. அங்கிள் பக்கத்துல உட்கார்ந்து குடிச்சவர் யாருன்னா, அந்த நிலத்துக்குச் சொந்தமான குலத்தைச் சேர்ந்தவர். ரெண்டு பேரும் சின்ன வயசுல ஒண்ணா ஸ்கூல் போனவங்க, அவர் பேசறதும் சுத்தமான பிஜி ஹிந்தி. 2000ல சுவாவுல கடை எரிஞ்சப்ப அவரும் அவர் தம்பிங்களும் ராத்திரி முழுக்க இந்த வீட்டு வாசல்லதான் படுத்தாங்களாம். அங்கிள் இதைச் சொல்றப்ப அவர் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

வியாழன், பஸ்

குயின்ஸ் ரோடு வழியா சுவா. பஸ் ஸ்டாண்டுல ரொட்டி பார்சல், உருளைக்கிழங்கு கறி வெச்சு சுருட்டினது, நல்லா இருந்துச்சு. சிங்கட்டோகா தாண்டினதும் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, சுவாவுக்குள்ள வர்றப்ப மழை. இன்னைக்கு இவ்வளவுதான்.

வெள்ளி, சுவா

அரசாங்கக் கட்டடம், மணிக்கூண்டு வெச்ச சாம்பல் கலர் பெரிய கட்டடம், பிரிட்டிஷ்காரன் கட்டினது. 1987 மே 14 காலை பத்து மணி வாக்குல இங்கதான் பார்லிமெண்ட் நடந்துட்டு இருந்துச்சு, முகமூடி போட்ட பத்து ராணுவ வீரர்கள் உள்ள வந்தாங்க, பார்வையாளர் வரிசைல உட்கார்ந்திருந்த லெப்டினன்ட் கர்னல் சித்திவேனி ரம்புகா எழுந்து வந்தார், பிரதமரையும் ஆளுங்கட்சி உறுப்பினர்களையும் லாரில ஏத்திட்டுப் போயிட்டாங்க. முதல் கப்பல் லியோனிடாஸ் 1879ல வந்து சேர்ந்த தேதியும் மே 14தான், அதனால இங்க இந்தியர்களுக்கு அந்த நாள்னாலே ரெட்டை வலி.

ரம்புகா ராணுவத்துல மூணாவது இடத்துல இருந்தவர். 1979ல நம்ம நீலகிரி வெலிங்டன் ராணுவக் கல்லூரில படிச்சவர், லெபனான்ல ஐநா படைல இருந்தவர். செப்டம்பர்ல ரெண்டாவது தடவை கவிழ்த்து, அக்டோபர்ல குடியரசுன்னு அறிவிச்சார். 1990 சாசனத்துல 70 சீட்டுல 37 பூர்வகுடிக்கு, 27 இந்தியருக்கு, பிரதமர் பூர்வகுடியாத்தான் இருக்கணும்னு எழுதினாங்க. அப்போ ஜனத்தொகைல இந்தியர் கிட்டத்தட்ட பாதி. டாக்டர், டீச்சர், நர்ஸ், கணக்கு பார்க்கறவங்கன்னு படிச்சவங்க எல்லாம் விசா வரிசைல நின்னாங்க, 1987க்கு அப்புறம் ஒரு லட்சத்துக்கும் மேல போயாச்சு, 2007 கணக்கெடுப்புல இந்தியர் 37.5 சதவீதம்.

அதே ரம்புகாதான் அப்புறம் பிரதமராகி எதிர்க்கட்சித் தலைவர் ஜெய்ராம் ரெட்டி கூட உட்கார்ந்து 1997 சாசனத்தையும் கொண்டு வந்தார். ரெண்டு பேரும் கைகோத்து 1999 தேர்தல்ல நின்னு தோத்தாங்க, ரெட்டி கட்சிக்கு ஒரு சீட்டுகூட கிடைக்கல. சமாதானம் பண்ணினவங்களுக்கு ரெண்டு பக்கமும் ஓட்டு போடலங்கறதை நினைச்சா இன்னமும் மனசு ஆறல. 2014ல பார்லிமெண்ட் இந்தக் கட்டடத்துக்கே திரும்ப வந்துச்சு, 2022 டிசம்பர்ல ரம்புகா தேர்தல் மூலமா திரும்ப பிரதமர் ஆனார். துப்பாக்கியோட நுழைஞ்ச அதே கட்டடத்துல.

சனி, சுவா

வெய்யுதோ, பழைய பார்லிமெண்ட் வளாகம். 2000 மே 19, முதல் இந்திய வம்சாவளி பிரதமர் மகேந்திர சௌத்ரி பதவிக்கு வந்து சரியா ஒரு வருஷம், ஜார்ஜ் ஸ்பைட்னு ஒரு வியாபாரி ராணுவத்தோட சிறப்புப் படைப்பிரிவு ஆளுங்களோட உள்ள புகுந்தார். 56 நாள் பிணைக்கைதி, சௌத்ரியை அடிச்சாங்க. ஊருக்குள்ள இந்தியர் கடையெல்லாம் சூறை. தளபதி பைனிமராமா ராணுவ ஆட்சி அறிவிச்சு, பேச்சுவார்த்தை நடத்தி, கடைசியில ஸ்பைட்டைப் பிடிச்சார்.

அடுத்து நபுவால குயின் எலிசபெத் ராணுவ முகாம், வெளியில இருந்துதான் பார்க்க முடியும். 2000 நவம்பர் 2ல அதே சிறப்புப் படைக்காரங்க இங்க கலகம் பண்ணி பைனிமராமாவையே கொல்லப் பார்த்தாங்க, அவர் பின்பக்க சரிவுல மரவள்ளித் தோட்டம் வழியா ஓடித் தப்பிச்சார். எட்டு வீரர்கள் செத்தாங்க, அதுல சிலர் பிடிபட்ட அப்புறம் அடிச்சே கொல்லப்பட்டவங்க.

சின்னப் படையா இருந்தது எப்படி இவ்வளவு பலமாச்சுன்னு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கிட்ட கேட்டேன். ஐநாவைக் கேளுங்கன்னார். 1978ல லெபனான்ல ஐநா படை, 1982ல சினாய்ல ஐநா சாராத பன்னாட்டுப் படைன்னு அமைதிப்படைக்கு ஆள் எடுத்து எடுத்து படை பல மடங்கு பெருகிச்சு, கிட்டத்தட்ட முழுக்கப் பூர்வகுடி ஆளுங்க, வீட்டுக்கு வெளிநாட்டு சம்பளம் வந்துச்சு. கிராமத்துப் பையனுக்கு அது ஒண்ணுதான் நல்ல வேலை, அவனைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா எதிரியே இல்லாத தீவுல அவ்வளவு பெரிய படையை வெச்சுக்கிட்டா அது உள்நாட்டு அரசியலைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கும்.

2006 டிசம்பர் 5ல பைனிமராமா, அப்போ பிரதமரா இருந்த கராசேயோட அரசைக் கவிழ்த்தார். இந்தத் தடவை காரணம் நேர் எதிர்: இனவெறி அரசாங்கம், ஊழல், 2000 குத்தவாளிங்களுக்கு மன்னிப்பு கொடுக்கச் சட்டம் கொண்டு வர்றாங்க, அதனால சுத்தம் பண்றோம். நிறைய இந்தியர் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டாங்கன்னு வாத்தியாரே சொன்னார். எனக்கு அவங்க மனசு புரியுது, ஆனா இங்கதான் நான் ஒத்துப்போக மாட்டேன், நமக்கு சாதகமா வந்த துப்பாக்கியும் துப்பாக்கிதான். 2009 ஏப்ரல் 9ல அப்பீல் கோர்ட் 2006 ஆட்சி சட்டவிரோதம்னு தீர்ப்பு கொடுத்துச்சு. மறுநாள் புனித வெள்ளி, அன்னைக்கே ஜனாதிபதியை வெச்சு சாசனத்தை ரத்து பண்ணி எல்லா நீதிபதியையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. லௌட்டோகா கோர்ட்ல அந்த விவசாயி உயிர் கொடுத்த அதே 1997 சாசனம். 2000ல கோர்ட்டை விட்டு வெச்சதால தோத்தோம்னு பாடம் படிச்சவங்க, இந்தத் தடவை முதல்ல கோர்ட்டை மூடினாங்க. பத்திரிகை ஆபீஸ்ல சென்சார் அதிகாரி உட்கார்ந்தார், ஞாயித்துக்கிழமை பிஜி டைம்ஸ் வெத்துப் பக்கத்தோட வந்துச்சு.

ஞாயிறு, சுவா

காலைல சர்ச் பாட்டு ஊரெல்லாம் கேட்குது, நாலு குரல்ல பிரிச்சுப் பாடறாங்க, கருவி எதுவும் தேவைப்படல. 1987க்கு அப்புறம் கொஞ்ச காலம் ஞாயித்துக்கிழமை கடை, பஸ், விளையாட்டு எல்லாத்துக்கும் ராணுவ ஆணையால தடை இருந்துச்சு, மத்த மதத்துக்காரங்களுக்கும் சேர்த்து.

2023 மே 14ல மெத்தடிஸ்ட் சர்ச் நடத்தின நல்லிணக்கக் கூட்டத்துல ரம்புகா எல்லார் முன்னாடியும் இந்திய வம்சாவளி மக்கள் கிட்ட மன்னிப்பு கேட்டார். அந்த வருஷத்துல இருந்து, முதல் கப்பல் வந்ததை நினைவுகூர்ற கிர்மித் நாள் அரசு விடுமுறை. நான் தங்கின வீட்டு அம்மா அந்தக் கூட்டத்துக்குப் போனவங்க, அழுதேன்னு சொன்னாங்க, மன்னிச்சுட்டேன்னும் சொன்னாங்க, அவங்க முகத்தைப் பார்த்தா அது வெறும் வாய் வார்த்தையாத் தெரியல. மன்னிப்பு கேட்டதை நான் சின்ன விஷயமா நினைக்கல, உலகத்துல எத்தனை பேர் கேட்டிருக்காங்க.

ஆனா அவங்க பையன் சட்டம் படிக்கறான், அவன் வேற ஒரு விஷயத்தைக் காட்டினான், ராத்திரி பத்து மணி வரைக்கும் அதைப் பத்தித்தான் பேச்சு. 2013 சாசனத்தோட பத்தாவது அத்தியாயம், ஆட்சிக்கவிழ்ப்பு பண்ணினவங்களுக்கு முழு விலக்கு, வழக்கு போட முடியாது, அந்த அத்தியாயத்தை மாத்தவும் முடியாது. 131ஆம் பிரிவுல நாட்டோட பாதுகாப்பு மட்டும் இல்லாம மக்களோட நல்வாழ்வுக்கும் ராணுவமே ஒட்டுமொத்தப் பொறுப்புன்னு எழுதியிருக்கு. நல்வாழ்வுன்னா எதை வேணும்னாலும் அதுக்குள்ள அடக்கலாம். மூணு பெரிய தலைங்கள்ல ஆட்சியைக் கவிழ்த்ததுக்காக ஜெயில்ல இருந்தது யூனிஃபார்ம் போடாத ஸ்பைட் மட்டும்தான், அவரையும் 2024ல மன்னிச்சு விட்டாச்சு. உண்மை, நல்லிணக்க ஆணையம் அமைக்க 2024 டிசம்பர்ல பார்லிமெண்ட் சட்டம் போட்டிருக்கு, ஜனங்க வந்து நடந்ததைச் சொல்லலாம்.

அந்தப் பையன் கேட்டது இதுதான்: முவானிவெனி விவசாயி மாதிரி நாளைக்கு ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனா, இந்த 131ஐக் கையில வெச்சுக்கிட்டு நீதிபதி என்ன தீர்ப்பு எழுதுவார்? அவன் ஆஸ்திரேலியா விசாவுக்கு அப்ளை பண்ணல, இங்கயே வக்கீலா பதிவு பண்ணப் போறானாம்.